மஞ்சள் வயலில் ஒரு பச்சை மூலை

"சொர்ணம், ஒன் நாத்து நோஞ்சான்" என்று அப்பா வரப்பில் நின்று கத்தினார். நாற்று வளர்த்துக் கொடுத்த சொர்ணம் அக்கா எதிரிலேயே நின்றார். நட்டு இருபது நாள். எங்கள் நெல்வயல் பெரும்பாலும் மஞ்சளாக வெளுத்துக் கிடந்தது. பத்தாவதைப் பாதியில் விட்டு வந்த எனக்கு அப்பா கொடுத்த ஒரே வாய்ப்பு இந்தப் போகம். விளையாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிதான்.

"நாத்துல கொறை இல்ல. மாமா வயல் தண்ணி நம்ம வயல் வழியாத்தான் வடியுது. போட்ட யூரியாவைக் கழுவிட்டுப் போயிருச்சு" என்றேன் நான்.

மேல்வயல் அங்கப்பன் மாமா சிரித்தார். "எந்தண்ணி களவாணியாடா? அறுத்த வைக்கோல் தாளை ஊரே கொளுத்துச்சு. நீ மட்டும் விஞ்ஞானி மாதிரி மடக்கி உழுதே. அதான் உரத்தைத் தின்னுருச்சு."

"செத்த வைக்கோல் எப்படி மாமா திங்கும்?"

 

வயலில் ஒரு மூலை மட்டும் பச்சை. அறுவடை மிஷின் அங்கே திரும்பாது. அதனால் கையால் அறுத்து, வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிட்டோம். மாமாவின் தண்ணீர் எங்கள் வயலுக்குள் நுழைவதும் அந்த மூலையில்தான்.

அக்கா மஞ்சள் பக்கத்துச் சேற்றில் கால் வைத்தார். குமிழி வந்தது. "தாளை என்னைக்குடா உழுதே, என்னைக்கு நட்டே?"

"திங்கள் உழுதேன். அந்த வெள்ளிக்கிழமையே நம்ம முறைக்கான வாய்க்கால் தண்ணி வந்துச்சு, நட்டுட்டேன்."

அப்பா நாற்றைச் சொல்கிறார், நான் தண்ணீரை, மாமா வைக்கோலை. இதில் யார் சொன்னது சரி?

விடை: மாமா பாதி சரி. பச்சை மூலையிலும் அதே நாற்று, அதே தண்ணீர். வைக்கோல் மட்டும் இல்லை. மஞ்சள் பக்கத்தில் வந்த குமிழி, வைக்கோல் இன்னும் மட்கிக்கொண்டிருப்பதன் அடையாளம். வைக்கோலை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு அதில் கரிமம், அதாவது கார்பன், ஏராளம், தழைச்சத்து போதாது. அதனால் யூரியா மண்ணில் சேர்த்த தழைச்சத்தைப் பயிருக்கு முந்தி அவை எடுத்துக்கொள்ளும். அவை செத்ததும் அது மண்ணுக்கே திரும்பும். கொளுத்தியிருந்தால் வைக்கோலில் இருந்த தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போயிருக்கும். தேவைப்பட்டது தீ இல்லை, நாள். நாற்று தரும்போதே அக்கா சொன்னார்: "மூணு வாரம் தாள் மட்கட்டும். அடுத்த முறைத் தண்ணிக்கு நடு, வேற நாத்து தாரேன்." நான் கேட்கவில்லை. அப்பாவின் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் அக்காவிடம் நாற்று வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்று வரப்பை விட்டு இறங்கும்போது அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னது ஒன்றுதான்: "உங்க அப்பாகிட்ட நீயே சொல்லிரு." இன்னும் சொல்லவில்லை.