பல்லக்கு நுழையாத சந்து

மழை பொய்த்துப்போன வருஷம். களஞ்சியத்தைத் திறந்து ஊருக்கு நெல் கொடுக்கலாமா என்று யோசித்த ராசா, ஜனங்களைக் கேட்டு வரச்சொல்லி மந்திரியை அனுப்பினார்.

மந்திரி பல்லக்கில் ஏறி ஊரைச் சுற்றினார். வாசல் வாசலாக நிறுத்தி, "சாப்பாட்டுக்குக் குறையுண்டா?" என்று கேட்டார். அரண்மனை வாசலில் இறங்கியதும் இறங்காததுமாக, "மகாராசா, கேட்ட வீட்டிலெல்லாம் மூன்று வேளையும் உலை கொதிக்கிறது. களஞ்சியம் பூட்டியே இருக்கட்டும்" என்றார்.

பல்லக்குத் தூக்கி வந்த சங்கிலியானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வீட்டு அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது.

"எதுக்குடா சிரிக்கிறே? பட்டினி கிடக்கிற வீடு ஒண்ணைக் காட்டு, பார்ப்போம். காட்டலேன்னா முதுகுத்தோலை உரிச்சிடுவேன்!"

"காட்டுறேன் எசமான். பல்லக்குல ஏறுங்க. மகாராசாவும் கூட வரணும்."

ராசா குதிரையில் பின்தொடர்ந்தார். தேரடி தாண்டி ஒரு சந்தில் சங்கிலியான் திரும்பினான். பல்லக்கு இரண்டு பக்கச் சுவரிலும் இடித்துச் சிக்கிக்கொண்டது.

"இடிக்குதேடா! வேற வழியா போ!" என்று கத்தினார் மந்திரி.

"காலையிலயும் இப்படித்தான் வேற வழியா போனோம், எசமான். பல்லக்கு நுழையிற தெருவை மட்டும் கேட்டீங்க. பசி இருக்கிறது இந்தச் சந்துலதான்."

ராசா குதிரையை விட்டு இறங்கி உள்ளே நடந்தார். வீட்டுக்கு வீடு அடுப்பில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே களஞ்சியம் திறந்தது. மந்திரிக்கு ராசா தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. ஊரை மறுபடியும் கேட்டு வரச்சொன்னார், நடந்து.

சங்கிலியானின் தோளுக்கு அன்றைக்குத்தான் ஓய்வு கிடைத்தது.