இல்லாத சாரைச் சுற்றி எழுந்த சுவர்

மேலப்பொட்டலில் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்த வெயிலுமுத்து மேஸ்திரிக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். பக்கத்து ஊர் கோயில்பிச்சை மேஸ்திரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆள் இவர் வீட்டுக்கு வந்து, மீன் குழம்பு ஊற்றி மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலையில் இவருக்கு வரவேண்டிய கல்யாண மண்டப வேலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். வேலை போனதைக்கூட மேஸ்திரி மறந்திருப்பார். அந்த மூன்றாவது தட்டைத்தான் மறக்க முடியவில்லை.

அதற்குப் பழி தீர்க்க ஒரு நாள் வாய்த்தது. கட்டட வேலையில் யார் எவ்வளவு வேகமாக, எவ்வளவு பத்திரமாக வேலை செய்கிறார்கள் என்று ஒரு காலேஜில் ஆராய்ச்சி நடத்தினார்கள். ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். முதலில் வரும் மேஸ்திரிக்குக் காலேஜின் புது ஹாஸ்டல் வேலை. கோயில்பிச்சை ஆட்கள் முந்தாநாளே தொண்ணூறு சதுர அடி சுவர் எழுப்பிக் காட்டிவிட்டார்கள்.

மேஸ்திரியிடம் மூன்று பேர் இருந்தார்கள். கொத்தனார்கள் சுடலைக்கண்ணுவும் நயினாரும், கல் சுமக்கும் சித்தாள் பேராச்சியும். மூவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதுதான் கஷ்டமே.

ஆராய்ச்சி செய்ய வந்தவர் தியாகேசன் சார். ஒல்லியான மனிதர். தலையில் ஹெல்மெட், கழுத்தில் நேரம் பார்க்கும் கடிகாரம், கையில் அட்டை. முதலில் பாதுகாப்பு விதிகளைப் படித்தார். உயரத்தில் நிற்பவர் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும் என்றார். சுடலைக்கண்ணு உடனே கட்டிக்கொண்டான். மறுமுனையை என்ன செய்ய வேண்டும் என்று விதியில் இல்லை. அதனால் அதைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

தலைக்குமேல் எது விழுந்தாலும் தாங்க ஹெல்மெட் வேண்டும் என்றார். பேராச்சி யோசித்தாள்.

"என் தலைக்கு மேல கல்லு இருக்கு சார். எது விழுந்தாலும் கல்லு மேலதான விழும்?"

அவள் எட்டுக் கல்லைத் தலையில் அடுக்கி, எட்டாவது கல்லுக்கு ஹெல்மெட் போட்டு வாரைக் கட்டினாள். மேஸ்திரிக்குப் பெருமையாக இருந்தது. கோயில்பிச்சை ஆட்களுக்கு இது தோன்றியிருக்காது.

கடைசியாக சார் சொன்னார்: "அஞ்சு மணி வரைக்கும் நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கங்க. என்கிட்டப் பேசக்கூடாது. எனக்காக எதையும் மாத்தக்கூடாது. மீறினா முதலிடம் கிடையாது."

சொல்லிவிட்டு, டீக்கடை மாடத்தியிடம் இரவல் வாங்கிய சிவப்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு வகுப்பறையும் தெரிகிற மாதிரி இடம். சரியாக நடுச்சுவர் வரவேண்டிய கோடு.

சுடலைக்கண்ணு நூல் பிடித்தான். நூல் போய் முட்டியது.

"அண்ணாச்சி, நூலு இடிக்கி."

"எதுல இடிக்கி?"

"சாரு காலுல."

"சாருதான் இல்லியேலே. இல்லாத ஆளுக்கு ஏது காலு?"

மூன்று பேரும் கரண்டியையும் கல்லையும் கீழே வைத்துவிட்டு யோசித்தார்கள். நயினார் கொஞ்சம் விவரமானவன் என்று பெயர்.

"ஆளு இல்ல, சரி. நாற்காலி இல்லன்னு அவரு சொல்லலியே. நாற்காலிலதான் இடிக்கி."

"அப்ப நகத்திப் போடு."

நயினார் நாற்காலியை அசைத்துப் பார்த்தான். "கனக்கு அண்ணாச்சி."

"வெறும் நாற்காலி ஏன்லே கனக்கு?"

"அதை நாம யோசிக்கக் கூடாதுல்லா."

மேஸ்திரி நாற்காலியை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார். கோயில்பிச்சையின் மூன்றாவது தட்டு கண்முன் வந்தது. "நிறுத்தாதிய. நாற்காலியைச் சுத்திக் கட்டி, அந்தப் பக்கம் கோட்டைப் பிடிங்க" என்றார்.

சுவர் எழுந்தது. நடுவில் மட்டும் நாற்காலியைச் சுற்றி, நான்கு பக்கமும் அடைத்து, ஒரு கூண்டு மாதிரி.

தியாகேசன் சார் சும்மா எழுந்து வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காலேஜில் அவருக்கு மேலே இருந்த பேராசிரியை அம்மா அவருக்கு ஒரு விதி சொல்லியிருந்தார். பார்க்கிறவன் வாயைத் திறந்தாலோ குறுக்கே வந்தாலோ ஆராய்ச்சி பாழ். சாரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர். முழங்கால் உயரம், 10.20 என்று எழுதினார். நெஞ்சு உயரம், 11.45 என்று எழுதினார். அதற்கப்புறம் உள்ளேயிருந்து எழுதும் சத்தம் மட்டும் கேட்டது.

நாலு மணிக்கு மாடத்தி டீ கொண்டுவந்தாள். ஐந்து கிளாஸ். ஒன்று மிஞ்சியது.

"அந்த ஒல்லி சாரு எங்க அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"போயிட்டாரா?"

"போகலை. இல்ல."

சுவருக்குள் யாரோ இருமினார்கள்.

"உள்ள யாரு இருமுதா?"

"யாரும் இல்லேங்கேன், விடமாட்டேங்கியே" என்றார் மேஸ்திரி. மாடத்தி நான்கு முகத்தையும் பார்த்தாள். மிஞ்சிய டீயைத் தானே குடித்துவிட்டு, "என் நாற்காலி காலைல எனக்கு வேணும்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு உள்ளே கடிகாரம் கீச்சென்றது. "ஆய்வு முடிஞ்சுது. இப்ப நான் இருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது.

மேஸ்திரி பதறிப்போனார். "ஏலே, ஒரு ஆளு சுவத்துக்குள்ள இருக்காருலே. வாசலே இல்லியே, எப்படிப் போனாரு?"

"நாம டீ குடிக்கையில போயிருப்பாரு" என்றான் சுடலைக்கண்ணு.

உள்ளேயிருந்து சார் கணக்கைப் படித்தார். கூண்டையும் சேர்த்து நூற்று நாற்பது சதுர அடி. விபத்து இல்லை. முதலிடம். காலையில் பேராசிரியை அம்மா வந்து சுவரை அளந்து பார்த்தால் ஹாஸ்டல் வேலை உறுதி.

"அப்ப சுவத்தை உடைக்கக் கூடாது" என்றார் மேஸ்திரி.

"ஏணி வைப்போமா?" என்றாள் பேராச்சி.

"அஞ்சு மணிக்கு மேல ஏணில ஏறக் கூடாதுன்னு விதி" என்று உள்ளேயிருந்து சாரே சொன்னார்.

"நீங்க சுவத்தைப் பிடிச்சு ஏறுங்க சார்."

"ஈரம் காயாத பச்சைச் சுவர்ல கை வைக்கக்கூடாது. அதுவும் விதி."

மறுபடியும் கரண்டிகள் கீழே போயின. கடைசியில் நயினார்தான் வழி கண்டுபிடித்தான். ஆளைத் தூக்க முடியாவிட்டால் தரையைத் தூக்கலாம்.

கீழே நின்றபடியே சட்டி சட்டியாக மணலைச் சுவருக்கு மேலாக உள்ளே கொட்டினார்கள். சார் மணலை மிதித்து மிதித்து மேலே வந்தார். முதலில் ஹெல்மெட் தெரிந்தது, பிறகு மூக்கு, பிறகு அட்டை. வெளிச்சம் போவதற்குள் சுவரின் உச்சிக்கு வந்து மேஸ்திரியின் தோளில் இறங்கினார். எத்தனை சட்டி மணல் என்பதையும் எழுதிவைத்திருந்தார்.

மேஸ்திரி அன்று வீட்டில் மீன் குழம்பு வைக்கச் சொன்னார். மூன்று தட்டு சாப்பிட்டார்.

காலை எட்டு மணிக்கு மாடத்தி வந்து நின்றாள். "என் நாற்காலி?"

நாலு பேரும் மணலைப் பார்த்தார்கள்.

"அடியில இருக்கு" என்றார் மேஸ்திரி. "ஒரு வாரம் பொறுத்துக்கோ தாயி."

"நான் நின்னுக்கிட்டு டீ ஆத்தணுமோ? நாற்காலி வரலன்னா இனிமே ஒருத்தருக்கும் டீ கிடையாது."

டீ இல்லாமல் ஹாஸ்டல் எப்படிக் கட்டுவது? மேஸ்திரி ஒரே ஒரு கல்லை மட்டும், அடி வரிசையில், மெதுவாக உருவச் சொன்னார். சுடலைக்கண்ணு மெதுவாகத்தான் உருவினான். மணல் மெதுவாக வரவில்லை. பச்சைச் சுவர் முழுக்க மணலோடு சேர்ந்து படுத்துக்கொண்டது. நாற்காலிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாடத்தி அதைத் தட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பது மணிக்குப் பேராசிரியை அம்மா அளவு டேப்போடு காரைவிட்டு இறங்கினார். கூடவே தியாகேசன் சார். அவர்களுக்குப் பின்னால், முடிவு தெரிந்துகொள்ள, கோயில்பிச்சை.

"சுவர் எங்க மேஸ்திரி?" என்றார் அம்மா.

கோயில்பிச்சை சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். மேஸ்திரி அதைப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றார்.

"அம்மா, உங்க சாரு சொன்னாருன்னு ஒரு நாள் முழுக்க, கண்ணு முன்னால இருந்த ஆளை நாங்க இல்லன்னு நினைச்சோம். நீங்க ஒரு அஞ்சு நிமிஷம், சுவரு இருக்குன்னு நினைச்சுக்கங்க."

அம்மா தியாகேசன் சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் ஏற்கெனவே டேப்பின் ஒரு முனையைச் சுடலைக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு அந்தப் பக்கம் போவதற்காக, சுவர் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வகுப்பறை வாசல் வழியாக நடந்துகொண்டிருந்தார்.