நாற்பது நாள் பலகை

மடத்துப் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் பொறுப்பாளர் வைரவநாதன். மில்லில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றபின், தன்னைவிட வயதில் இளைய சாமியிடம் சீடராக வந்து சேர்ந்தவர். வந்ததும் சமையலறைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினார். தவறு செய்தவர் பெயர் அதில் ஏறும். ஏறினால் மறுநாள் பிரார்த்தனையில் எல்லோர் முன்பும் எழுந்து நிற்க வேண்டும்.

நாற்பது நாளாகப் பலகையில் ஒரு பெயரும் இல்லை.

நேற்று மாலை பதினொரு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள்.

"அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பார்த்துட்டேன் சாமி. ஒவ்வொருத்தரா கூப்பிட்டும் கேட்டுட்டேன். எல்லாம் சரியா இருக்குங்கய்யாங்கறாங்க. இன்னும் கால்மணியில சாப்பாட்டு மணி அடிக்கணும். போடறதா, வேண்டாமா?" என்று கேட்டார் வைரவநாதன்.

வெளியே தட்டுகள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம். பிள்ளைகள் வரிசைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள்.

சாமி எழுந்து சமையலறைக்கு நடந்தார். வைரவநாதன் பின்னால் போனார். உள்ளே பேச்சு நின்றது. சாமி சாக்பீஸை எடுத்துப் பலகையில் தன் பெயரை எழுதினார்.

"முந்தாநாள் மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணித் தொட்டி மூடி திறந்து கிடந்துச்சு. யாராவது மூடுவாங்கன்னு இறங்கி வந்துட்டேன்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த காத்தமுத்து நிமிர்ந்தான். "அப்ப நாளைக்குப் பிரார்த்தனையில சாமியும் நிக்கணுமே."

"நிக்கிறேன்ப்பா."

யாரோ சிரித்தார்கள். அடுப்பருகே நின்ற அஞ்சலை சிரிக்கவில்லை.

"மூட மறந்தது நான்தான் சாமி. நேத்துக் காலையில போய்ப் பார்த்தா அணில் ஒண்ணு செத்து மிதந்துச்சு. எடுத்து வீசிட்டு மூடிட்டேன். தொட்டியைக் கழுவலை. கழுவுனா ஏன்னு கேப்பாங்கல்ல."

"இன்னிக்கும் அந்தத் தண்ணிதானா?" என்றார் சாமி.

"சோறாவது கொதிச்சுது. குடிக்கிற பானையிலயும் அதான் இருக்கு."

காத்தமுத்து கத்தியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினான். மணி அடிக்க வேண்டாமென்று சாமி ஆள் அனுப்பினார். பானைகளைக் கவிழ்க்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"நேத்தே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் வைரவநாதன். "நாற்பது நாளா ஒரு தப்பும் நடக்கலைன்னு நான் நம்பிக்கிட்டு..."

அஞ்சலை அவர் கையைப் பார்த்தாள். சாமி எழுதிவிட்டு வைத்த சாக்பீஸ் அதில் இருந்தது. எப்போது எடுத்தோமென்று அவருக்கே தெரியவில்லை.

"பலகை சுத்தமா இருக்கணும்னு கேட்டீங்க," என்றார் சாமி. "அதைச் சுத்தமா வச்சிருந்தாங்க."