தரிசில் புதைந்த ஜீப்

கீழமடை வயல் முப்பது ஏக்கரும் பத்து வருசமாகத் தண்ணீர் பார்க்காத தரிசு என்று காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார் நில எடுப்பு அதிகாரி தணிகைவேலு. குடோன் கட்ட இடம் வேண்டுமாம். சாயங்காலம் ஃபைல் கலெக்டரிடம் போகிறது. அந்த வழியே அவர் வந்தபோது ஊர்க்காரர்கள் வரப்பிலேயே ஜீப்பை மறித்து, இறங்கிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார்கள்.

"பயிர் எங்கே? வெறும் கட்டாந்தரை" என்றார், இறங்காமலே.

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆள் சங்கிலி முன்னால் வந்தான். "கட்டாந்தரைதாங்கய்யா. நடந்து எதுக்குக் கால் வலிக்கணும்? வண்டியிலயே குறுக்க போயிட்டு வாங்க."

இவனையும் விலைக்கு வாங்கிவிட்டார்களா என்று சனம் பதறியது.

ஜீப் நடு வயலுக்குப் போனதும் மேலே காய்ந்திருந்த பொருக்கு உடைந்தது. உழவுக்காக நாலு நாள் முன்பு சங்கிலி பாய்ச்சிய தண்ணீர் அடியில் அப்படியே இருந்தது. சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது.

"டிராக்டரைக் கொண்டாடா."

"சொசைட்டி டிராக்டருங்கய்யா. அரசாங்க வண்டிய இழுக்கணும்னா எங்க, எதுல மாட்டுச்சுன்னு எழுதித் தரணும்."

மணி நாலாகிவிட்டது. 'கீழமடை வயல் சேற்றில் ஜீப் புதைந்துவிட்டது' என்று அவசரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சங்கிலி தாளை ஈரம் படாமல் மடித்துக்கொண்டான்.

"காலைல போட்ட கையெழுத்துல இங்க தண்ணியே கிடையாது. இப்பப் போட்டதுல சேறு. டிராக்டர் தயாரா நிக்குது. ரெண்டுல எதைக் கிழிக்கலாம்னு சொல்லுங்கய்யா."