நாதியற்றோர்க்குப் பாடிய சிற்றம்பலனார்

திருமணற்குடி அரசு மருத்துவமனையில் பிணவறையைக் கழுவிவிடுவதுதான் சிற்றம்பலனாரின் வேலை. வேலை முடிந்ததும் குழாயடியில் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி, கிழக்குக் கோபுர வாசலில் நின்று மணற்குடிநாதரைக் கும்பிடுவார். உள்ளே போகமாட்டார். போகக்கூடாது என்று யாரும் பலகை மாட்டி வைக்கவில்லை. அவரைக் கண்டால் நாலு பேர் மூக்கைப் பொத்துவார்கள், அவ்வளவுதான். சாமி கும்பிட வந்தவர்களுக்கு எதற்குச் சங்கடம் என்று வெளியிலேயே நின்றுகொள்வார்.

அவர் மனம் தாங்காத காட்சி ஒன்று உண்டு. கேட்பாரற்ற உடல்களைப் பழைய போர்வையில் சுற்றி நகராட்சி வண்டியில் ஏற்றுவார்கள். சங்கு இருக்காது, சேகண்டி இருக்காது, அழ ஓர் ஆள் இருக்காது. ஒரு நாள் அப்படிப் போன வண்டியின் பின்னாலேயே சிற்றம்பலனார் நடந்தார். நடக்க நடக்க நாவில் தானாகப் பாட்டு வந்தது. 'யாருமில்லை என்று யார் சொன்னார் ஐயா, நான் வாரேன் கூட' என்று சுடுகாடு வரை பாடிக்கொண்டே போனார்.

அதன்பின் நாதியற்று எந்த உடல் போனாலும் சேகண்டியோடு அவரும் போனார். பாட்டுகள் பெருகின. கேட்டவருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். செல்போனில் பதிந்துகொண்டவர்களிடம், வேண்டியவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள், எந்த ஊரில் யார் தனியாகப் போனாலும் ஒருவராவது பாடினால் போதும் என்றார். விலை பேச வந்த கம்பெனிக்காரரை மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். அக்கம்பக்கத்து ஊர்களில் அமரர் ஊர்தி ஓட்டுபவர்கள்கூட அந்தப் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தார்கள்.

உள்ளூர் சும்மா இருக்குமா? 'பொணப்பாட்டு' என்று பட்டப்பெயர் வைத்தது.

"என்ன சித்தம்பலம், இன்னிக்குக் கச்சேரி யாருக்கு?" என்பார் டீக்கடைக்காரர்.

"நம்ம கச்சேரியில ஒருத்தரும் பாதியில எந்திரிச்சுப் போறதில்லண்ணே. அந்தத் தைரியந்தான்" என்று சிரிப்பார் அவர்.

அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. மணற்குடிநாதர்மேல் அவர் ஒரு பதிகம் கட்டியிருந்தார். அதை யார் காதிலும் போட்டதில்லை. ஒரே ஒரு முறை சந்நிதியில் நின்று பாடிவிட வேண்டும்.

தர்மகர்த்தா கயிலைநாதன் வெளியூரில் ஒரு துக்க வீட்டில் இவர் பாட்டைக் கேட்டு நெகிழ்ந்து வந்தார். பதிகத்தைப் பற்றியும் கேட்டறிந்து, ஆனித் திருமஞ்சனத்தன்று அதைச் சந்நிதியில் பாடலாம் என்று சொல்லி, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விழாவுக்குக் காப்புக் கட்டியபின் எந்த உடலின் பின்னாலும் போகக்கூடாது. சிற்றம்பலனார் தயங்கித் தயங்கித்தான் தலையாட்டினார். நல்லவேளையாக அந்த நாட்களில் நாதியற்ற உடல் எதுவும் வரவில்லை. ஈசன் கருணை என்று நினைத்துக்கொண்டார்.

விழா நாள் விடிந்தது. புது வேட்டி கட்டி, கோபுர வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாசலில் பக்தர்களின் செருப்பைக் காத்துவந்த மனிதர், சுவரில் சாய்ந்தபடியே இறந்துகிடந்தார். அவர் எந்த ஊர், யார் உறவு என்று ஒருவருக்கும் தெரியாது.

கோயில் வீதியில் உடல் கிடந்தால், அதை எடுக்கும்வரை நடை திறக்கக்கூடாது. அபிஷேகத்துக்கு நேரமாகிறதே என்று கூட்டம் முணுமுணுத்தது. நகராட்சி வண்டி வந்து உடலை அள்ளிப் போட்டுக்கொண்டது.

கயிலைநாதன் அவசரமாக வந்தார். "சித்தம்பலம், ஒதுங்கி நில்லு. வண்டி போனதும் நடை திறந்துரும். இன்னிக்கு உன் நாளுய்யா."

சிற்றம்பலனார் மூடிய கதவைப் பார்த்தார். புறப்படும் வண்டியைப் பார்த்தார்.

"சாமிக்குப் பாட ஊரே நிக்குதுங்க. இவருக்கு யாரு இருக்கா?"

"பின்னால போனா அப்புறம் சந்நிதியில பாடறதுங்கிற பேச்சே கிடையாது. யோசிச்சுக்க."

"சரிங்கய்யா."

குரல் லேசாக உடைந்தது. ஆனால் கால்கள் தயங்கவில்லை. சேகண்டி வீட்டில் இருந்தது. வண்டியின் தகரத்தில் விரல் முட்டியால் தாளம் தட்டிக்கொண்டே பாடிப் போனார் அந்த அடியார்.

நடை திறந்தது. அபிஷேகம் குறைவில்லாமல் நடந்தது. குருக்கள் மாலை சாத்தினார். அது நழுவி விழுந்தது. முடிச்சை இறுக்கிச் சாத்தினார். மறுபடியும் விழுந்தது. எதையோ செய்ய மறந்திருக்கிறோம் என்று குருக்கள் மெல்லச் சொன்னார்.

கயிலைநாதனுக்குச் சுரீர் என்றது. கோயில் பணியாளர் இறந்தால் சுவாமிக்குச் சாத்திய மாலையும் பரிவட்டமும் போகவேண்டும். அது மணற்குடி வழக்கம். காலமெல்லாம் வாசலில் செருப்பைக் காத்தவரைப் பணியாளர் என்று ஒருவருமே நினைக்கவில்லை!

சுடுகாட்டில் சிதை அடுக்கியாயிற்று. கொள்ளியை எடுக்கப் போன சிற்றம்பலனார் திரும்பிப் பார்த்தார். வெயிலில் வெறுங்காலோடு, தலைமேல் தட்டைச் சுமந்து, கயிலைநாதன் ஓடிவந்துகொண்டிருந்தார். வந்தவர் செருப்புக் காத்தவரின் தலையில் பரிவட்டம் கட்டினார். மார்பில் மாலையை வைத்தார். அது நழுவாமல் நின்றது.

பிறகு சிற்றம்பலனார் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "சாமி அங்க இல்லீங்க. உங்க பின்னாலயே இங்க வந்துட்டாரு. அந்தப் பதிகத்தைப் பாடுங்க."

கண்ணீர் வழிய, யாரும் கேட்டிராத அந்தப் பதிகத்தைச் சிற்றம்பலனார் அங்கே பாடினார். அதே வேளையில் சந்நிதியில் குருக்கள் சாத்திய புதுமாலை, நாதர் தோளில் அசையாமல் நின்றதாம்.

ஒளித்து வைத்திருந்த ஒற்றைப் பாட்டையும் உற்றாரில்லாத ஒருவருக்கே கொடுத்துவிட்ட சிற்றம்பலனாரின் திருவடிகள் வாழ்க.