ஓடிய நிழல்

வெகு காலத்துக்கு முன்னால் ஒரு ராஜா இருந்தான். பேர் எதற்கு? கதை அவனைப் பற்றியது இல்லை. அவனுக்கு மூன்று மலை, ஒரு ஏரி, ஏரிக்குக் கீழே ஊருக்கே சோறு போடும் வயல். அவ்வளவுதான் நாடு.

மலைக்கு ஒரு காவல். முதல் மலையில் பூதன், இரண்டாம் மலையில் ஆந்தை என்பவன், மூன்றாம் மலையில் கொற்றி. பகைவர் படை வந்தால் பூதன் விறகுக் குவியலில் நெருப்பு வைப்பான். அதைக் கண்டு ஆந்தை வைப்பான். அதைக் கண்டு கொற்றி வைப்பாள். கொற்றியின் நெருப்பு எரிந்தால் ஏரிக்கரையில் நிற்கும் ஆட்கள் கரையை வெட்டிவிடுவார்கள். படை முழுகும். வயலும் முழுகும்.

"நெருப்பைக் கண்டால் கேள்வி கேட்காதே, உன் நெருப்பை வை." இது ராஜா கட்டளை. மீறினால் தலை போகும்.

அறுவடைக்கு மூன்று நாள் இருந்தது. அன்று அமாவாசை. கொற்றி குனிந்து கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று பாறையெல்லாம் பட்டப்பகல். கிழங்குத் தோலில் ஒட்டிய மண்கூடத் தெரிந்தது. பாறையில் அவள் நிழல் விழுந்தது. விழுந்த நிழல் நிற்கவில்லை. இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் ஒரே மூச்சில் ஓடி மறைந்தது. அவள் நிமிர்ந்தபோது வானத்தில் மங்கலாக ஒரு புகைக்கோடு மட்டும். கொஞ்ச நேரம் கழித்து இடி மாதிரி ஓர் உறுமல்.

பிறகு முதல் மலை எரிந்தது. உடனே இரண்டாம் மலை எரிந்தது.

கீழே ஏரிக்கரை ஆட்களின் தலைவன் கத்தினான்: "அடியே கொற்றி! கண்ணு அவிஞ்சு போச்சா? நெருப்பை வையடி!"

கொற்றி பந்தத்தை எடுத்தாள். வைத்தால், அவள் பிள்ளைகள் தின்ன வேண்டிய நெல் போகும். வைக்காமல் படை வந்துவிட்டால், பிள்ளைகளே போவார்கள். ஆனால் அந்த நிழல்? தீவட்டி பிடித்து நடந்து வருகிறவன் வெளிச்சம் இப்படியா ஓடும்?

அந்த நாட்டில் யாரும் செய்யாததை அவள் செய்தாள். கேட்டாள்.

"ஆந்தையண்ணே! நீ என்னத்தைக் கண்ட?"

"பூதன் நெருப்பைக் கண்டேன். வேற என்ன காணணும்? சீக்கிரம் வைடி, உன்னோட என் தலையும் போகும்!"

"பூதண்ணனைக் கேளு. அவர் என்னத்தைக் கண்டாராம்?"

ஆந்தை திட்டிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பிக் கூவினான். பதில் வந்தது. "வெளிச்சத்தைக் கண்டாராம். பகைவன் தீவட்டியாம்."

"எத்தனை தீவட்டியாம்?"

இந்த மூன்றாவது கேள்வியையும் ஆந்தை கூவினான். காவலில் தூங்கியவனை நாடு கடத்துவார்கள் என்று பூதனுக்குத் தெரியும். "நூறு" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான்.

கீழே மண்வெட்டிகள் உரசும் சத்தம் கேட்டது. கொற்றி பந்தத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

கடைசியில் பூதனின் குரலே, உடைந்து போய், இரண்டு மலை தாண்டி வந்தது. "ஒண்ணும் காணலை தாயி. தூங்கிட்டேன். வெளிச்சத்துல முழிச்சேன், பயந்து வச்சுட்டேன்."

கொற்றி பந்தத்தைத் தண்ணீர்ப் பானையில் முக்கினாள். விடியும்வரை, படை வந்தால் வரவேண்டிய கணவாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கிழங்கு கரியானது. படை வரவில்லை. வானத்தில் இருந்து விழுந்தது ஓர் எரிகல், அவ்வளவுதான்.

காலையில் ராஜா வந்தான், வாளோடு.

கொற்றி சொன்னாள்: "கட்டளையை மீறினேன், என் தலையை எடுங்க. ஆனா பூதண்ணனைத் துரத்தாதீங்க. உண்மை சொன்னவரைத் துரத்தினா, அடுத்து தூங்கறவன் 'நூறு'ன்னு சொல்லுவான். நானும் நம்பிக் கொளுத்துவேன்."

ராஜா வயலைப் பார்த்தான். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. வாளை உறையில் போட்டான். அன்றிலிருந்து, நெருப்பைக் கண்டால் மூன்று முறை கேட்ட பிறகே நெருப்பு வைக்க வேண்டும் என்று ஆனது. பூதனும் காவலில் இருந்தான். ஆனால் இனிமேல் நின்றே காவல் காக்க வேண்டும் என்று அவன் உட்காரும் பாறையை மட்டும் உருட்டிவிட்டார்கள்.

இதுதான் நீதி: பயந்து ஒரு காரியம் செய்யும் முன் "நீ என்ன கண்டாய்?" என்று கேள், உன்னைக் கேட்டால் காணாததைக் காணவில்லை என்றே சொல்.