ஆள்காட்டிக் குருவி சேர்த்த சொல்

அந்தக் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் பேசித் திரிந்தபோது, அவற்றின் பேச்சில் மூன்றே காலம்தான். வந்தேன், வருகிறேன், வருவேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஒரு காட்டு ஏரியின் கரைக்குக் கீழே, கூழாங்கல் தரையில், ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகளை அடைகாத்தது. ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. கரை அங்கங்கே உடைவதும், யானைகள் மரமும் மண்ணும் போட்டு அடைப்பதுமாக நாட்கள் போயின.

ஒரு மத்தியானம் மேற்கு மூலையில் கரை பிளந்தது. ஆள்காட்டி முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு யானைக் கூட்டத்தின் தலைவியிடம் பறந்தது.

"அம்மா, கரை உடைந்தது!"

"தெரியுமே. காலையில் உடைந்தது, காலையிலேயே அடைத்தோம்."

"ஐயோ, அது இல்லை அம்மா! கரை உடைகிறது!"

"இந்த மழையில் தினமும்தான் ஓர் ஓரம் உடைகிறது. பெரிதாக உடைந்தபின் வந்து சொல்."

"கத்துவதுதான் இதற்குப் பிழைப்பு" என்று ஓர் இளம் யானை சிரித்தது.

ஆள்காட்டி அவர்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்தது. உடைந்தது என்றால் முடிந்த கதை என்கிறார்கள். உடைகிறது என்றால் பொறு என்கிறார்கள். உடைந்ததும் உண்மை, உடைப்பு இந்த நிமிடம் வாய் பிளந்து நிற்பதும் உண்மை. கண்ணை இறுக மூடி, இரண்டையும் ஒரே மூச்சில் கத்தியது.

"கரை உடைந்து... இருக்கிறது! உடைந்திருக்கிறது!"

தலைவியின் காதுகள் விரிந்தன. இதுவரை கேட்காத சொல். ஆனாலும் கேட்டவுடனே புரிந்தது. "கிளம்புங்கள்!" என்று பிளிறியது. கூட்டமே ஓடியது. உடைப்பை அடைத்து முடித்தபோது, தண்ணீர் முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"இந்தப் பேச்சை யாரிடம் கற்றாய்?" என்றது தலைவி.

"யாரிடமும் இல்லை அம்மா. நானே சேர்த்தேன்." ஆள்காட்டி கழுத்தை நிமிர்த்திக்கொண்டது.

சிரித்த இளம் யானை தயங்கித் தயங்கி அருகில் வந்து, "இன்னொரு தரம் சொல்லேன்" என்றது. ஆள்காட்டி ஆறு தரம் சொன்னது. மறுநாள் விடிந்ததும் காடு முழுக்க அதே பேச்சு: "மான் குட்டி போட்டிருக்கிறது!" "விளாம்பழம் விழுந்திருக்கிறது!"

இன்று ஆங்கில வாத்தியார் பிரசன்ட் பர்ஃபெக்ட் என்று கரும்பலகையில் எழுதி விளக்குகிறாரே, அந்தப் பேச்சை நமக்கு அந்தக் குருவி அன்றைக்கே சேர்த்துக் கொடுத்துவிட்டது. அன்று முதல்தான், வாசலில் நிற்கிறவர் "வந்தேன்" என்று நிறுத்திக்கொள்வதில்லை. "வந்திருக்கிறேன்" என்கிறார், உள்ளே இருப்பவரும் எழுந்து வருகிறார்.